வேட்டை வல்லூற்றின் பறப்பு எடை: இந்திய மரபில் அளவும் அடையாளமும்

முன்னுரை

பயிற்றப்பட்ட பறவையைக் கொண்டு பிற பறவைகளையும் சிறு விலங்குகளையும் வேட்டையாடும் கலை இந்தியத் துணைக்கண்டத்தில் பல நூற்றாண்டுகள் வழங்கி வந்துள்ளது. அரசவையின் பொழுதுபோக்காகவும், கொடையாகவும், பெருமைக்குரிய அடையாளமாகவும் அது வரலாற்று நூல்களில் பேசப்படுகிறது. ஆனால் அக்கலையின் உள்ளீடான தொழில்நுட்பம், குறிப்பாகப் பறவையின் உடல்நிலையை வேட்டைக்கு ஏற்ற அளவில் நிறுத்தும் முறை, வரலாற்றாய்வில் போதிய கவனம் பெறவில்லை. வல்லூற்றைப் பழக்குவதிலும் பறக்கவிடுவதிலும் மீண்டும் கைக்கு வரவழைப்பதிலும் முதன்மையாக நிற்பது இம்முறையே ஆகும். இக்காலத்தார் இதனைப் 'பறப்பு எடை' என்னும் பொருளில் வழங்குவர். பறவை ஆர்வத்துடன் வேட்டையாடி, அழைத்தவுடன் திரும்பிவரும் நிலையில் அதற்கு இருக்கும் உடல் எடையே பறப்பு எடை எனப்படும்.

தமிழிலக்கிய மரபில் இரைதேர் பறவையும் தராசும் ஒருங்கே தோன்றும் இடம் ஒன்று உண்டு. புறாவைக் காக்கும்பொருட்டுத் தன் உடலையே நிறுத்துக் கொடுத்த செம்பியன் கதையைப் புறநானூற்றுப் புலவர்கள் சோழர் குடிப்பெருமையாகச் சுட்டுவர். அக்கதையில் தராசில் ஏறுவது பறவைக்குரிய இரையே. இரையைத் தேடிவந்த பறவை தராசில் ஏறுவதில்லை. வல்லூறு வேட்டை பற்றிய இந்தியப் பதிவுகளிலும் இவ்வேறுபாட்டைக் காணமுடிகிறது. நூல்கள் உணவை அளந்தன. பறவையை அளந்தது வளர்ப்பவனின் விரல். இவ்விரண்டு அளவைகளுக்கும் இடையேயான உறவையும், மூன்றாவது அளவையாகத் தராசு வந்து சேர்ந்த வரலாற்றையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

எடையும் கீழ்ப்படிதலும்

நாயையோ யானையையோ போல வல்லூறு தன்னை வளர்ப்பவனுக்குக் கட்டுப்பட்டு நடப்பதில்லை. அது கூட்டமாக வாழும் உயிரினம் அன்று; தலைமைக்குப் பணியும் இயல்பு அதனிடம் இல்லை. தண்டனை அதனை அச்சுறுத்துமேயன்றித் திருத்தாது. மனிதனின் கையில் இரை கிடைக்கும் என்னும் பழக்கம் ஒன்றே அதனை மீண்டும் கைக்குக் கொண்டுவருவது. எனவே இரையின்மீது பறவைக்குள்ள வேட்கையே பயிற்சியின் அடிப்படை. அவ்வேட்கை மிகாமலும் குறையாமலும் காக்கப்படவேண்டும்.

கொழுத்த பறவை பறக்கவிட்டதும் மரக்கிளையில் அமர்ந்துகொள்ளும். பொய்யிரையை வீசினாலும் பார்த்துக்கொண்டே இருக்கும். சில வேளைகளில் காற்றோடு சென்று மறையும். மெலிந்த பறவையோ கைக்கு விரைந்து வரும். ஆனால் இரையைத் துரத்த அதற்கு ஆற்றல் இராது. மெலிவு தொடர்ந்தால் உடலில் சேமித்த கொழுப்புத் தீர்ந்து, பறத்தலுக்குரிய மார்புத் தசையே கரையத் தொடங்கும். சிறிய வல்லூறுகளுக்குக் குருதியில் சர்க்கரை குறைந்து வலிப்பும் இறப்பும் நேர்வதுண்டு. ஆகவே பசியை மிகுவித்துப் பறவையைப் பணியவைப்பதே இக்கலை என்னும் பொதுக்கருத்துத் தவறானது. பறவை எந்த உயர்ந்த எடையில் இருந்தும் இன்னும் கீழ்ப்படிகிறதோ அந்த எடையைக் காண்பதே கைதேர்ந்தவர் நோக்கமாகும்.

இந்த எடை நிலையானதும் அன்று. பிடிபட்ட புதிய பறவையின் அச்சத்தைப் போக்கத் தொடக்கத்தில் அதன் எடை சற்றுக் குறைக்கப்படும். பழக்கம் ஏற ஏற, அன்றாடப் பறத்தலால் தசை வளரும். அதனால் அதே பறவையின் பறப்பு எடை சில வாரங்களில் உயரும். குளிர் மிகுந்த நாட்களில் உடல் வெப்பத்தைக் காக்க மிகுதியான உணவு வேண்டும். முந்திய நாள் போதுமாயிருந்த அளவு அடுத்த நாள் போதாமற்போகும். வெயிற்காலத்தில் இதற்கு மாறாகச் சிறிது உணவே பறவையைக் கொழுக்கவைக்கும். இறகுதிர்க்கும் பருவத்தில் எடைக் குறைப்பே கூடாது. இறகு வளரும் காலத்தில் உணவு தடைப்பட்டால் அவ்விறகில் குறுக்கே மெல்லிய கோடு விழும். அக்கோட்டில் இறகு எளிதில் முறியும். அடுத்த இறகுதிர்ப்பு வரை அக்கோடு மறையாது. பறவையைப் பசியில் வாடவிட்டவனின் தவறு ஓராண்டுக் காலம் பறவையின் உடலிலேயே பதிவாகி நிற்கும்.

பறவையின் பருமனுக்கேற்பத் தவறுக்கு இடமளிக்கும் எல்லையும் மாறுபடும். 1,000 கிராம் எடையுள்ள பெரிய வல்லூற்றுக்கு 10 கிராம் என்பது நூற்றில் ஒரு பங்கு. 150 கிராம் எடையுள்ள சிறு வல்லூற்றுக்கு அதே 10 கிராம் நூற்றில் ஏறத்தாழ 7 பங்கு. மேலும், சிறிய உடல் தன் எடையை நோக்க மிகுதியான ஆற்றலை எரிப்பது. காலையில் சரியாயிருந்த சிறு பறவை மாலையில் ஆபத்தான மெலிவை அடைந்துவிடக்கூடும். இந்தியச் சிற்றூர்களில் எளிய மக்களும் வளர்த்த ஷிக்ரா என்னும் சிறு வல்லூறு விலையில் மலிவானது. ஆனால் அதனைப் பேணுதல் அரசர்களின் பெரும் பறவையைப் பேணுவதினும் நுட்பமானது என்பது இதனால் விளங்கும்.

வடமொழி நூல்கள் காட்டும் நிலை

மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் (1126-1138) இயற்றிய மானசோல்லாசம் அரச வாழ்வின் பல துறைகளையும் தொகுத்துரைக்கும் கலைக்களஞ்சியமாகும். அதன் பொழுதுபோக்குப் பகுதியில் யானை, குதிரை, மீன்பிடித்தல், வேட்டை ஆகியவற்றோடு 'சியேன விநோதம்' எனப்படும் வல்லூறு வேட்டையும் தனி இடம் பெற்றுள்ளது. தக்காணத்து அரசவையில் 12ஆம் நூற்றாண்டிலேயே இக்கலை முறைப்படுத்தப்பட்ட விநோதமாக நிலைபெற்றிருந்தமைக்கு இந்நூல் சான்றாகும். தென்னாட்டுச் சூழலில் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது சாளுவ என்னும் குடிப்பெயர். வேட்டைக்குப் பயன்படும் வல்லூற்றைக் குறிக்கும் இச்சொல்லே விருதுப்பெயராகிப் பின் குடிப்பெயராயிற்று. அக்குடியைச் சேர்ந்த சாளுவ நரசிம்மன் 1485இல் விசயநகர அரியணையைக் கைப்பற்றினான்.

வல்லூறு வேட்டைக்கென்றே எழுந்த வடமொழி நூல் சியைனிக சாத்திரம் ஆகும். குமாவுன் மன்னர் ருத்ரதேவர் பெயரில் வழங்கும் இந்நூலை அரப்பிரசாத சாத்திரி பதிப்பித்து ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1910இல் கல்கத்தா ஆசியக் கழகத்தின்வழி வெளியிட்டார். ஏழு பரிச்சேதங்களைக் கொண்ட இந்நூல், வேட்டை மன்னனுக்குத் தகுமா என்னும் அறவினாவில் தொடங்கிப் பறவை வகைகள், பழக்கும் முறை, பருவத்திற்கேற்ற பேணுகை, நோய், மருந்து, பறத்தலின் வகை எனப் படிப்படியாக விரிகிறது. பறவைகளைக் கருவிழியுடையவை, செவ்விழியுடையவை என இரண்டாகப் பகுப்பது இந்நூலின் சிறப்பு. முன்னவை இராசாளி இனத்தையும் பின்னவை வல்லூறு இனத்தையும் பெரும்பாலும் ஒத்திருத்தலால், இப்பகுப்பு நேரடிப் பழக்கத்தில் விளைந்தது எனலாம்.

இந்நூலில் பாரசீகப் பெயர்கள் வடமொழி உருவம் பெற்று வழங்குகின்றன. பாஸ் என்பது வாஜ எனவும், பாஷா என்பது வாசா எனவும் வருகின்றன. வடமொழிப் புலமையும் பாரசீகத் தொழில்மரபும் ஒரே அரசவையில் கலந்திருந்தமையை இது காட்டுகிறது. எடைமேலாண்மையை நோக்கும்போது மற்றொன்று கருதத்தக்கது. பேணுகையைக் கூறும் பகுதியில் வெயில், மழை, பனி ஆகிய பருவங்களே உணவையும் உறைவிடத்தையும் முடிவுசெய்யும் காரணிகளாக அமைகின்றன. ஆயுர்வேதத்தின் இருதுசரியை என்னும் பருவ ஒழுக்கக் கோட்பாடு பறவையின்மேலும் ஏற்றப்பட்டுள்ளது. 'பறவைக்கு இவ்வளவு எடை' என்று வரையறுப்பதைவிட, 'இப்பருவத்தில் பறவை எந்நிலையில் இருக்கவேண்டும்' என்று உணர்த்துவதே அம்மரபின் போக்கு.

அயினி அக்பரியின் உணவுப் பட்டியல்

உணவின் எடையை எண்ணால் குறிக்கும் தெளிவான ஆவணம் அபுல் பசல் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொகுத்த அயினி அக்பரியில் கிடைக்கிறது. அக்பரின் அவையில் இருந்த வேட்டைப்பறவைகளைப் பற்றிய பகுதியில், காசுமீரத்திலும் இந்துஸ்தானத்து ஆர்வலரிடத்தும் பறவைகளுக்கு நாளைக்கு ஒருவேளையே உணவு தரப்படுவது வழக்கம் என்றும், அரசவையில் இருவேளை தரப்படுகிறது என்றும் கூறப்படுகிறது. தொடர்ந்து ஒவ்வொரு வகைக்கும் உரிய இறைச்சியின் எடை தாம் என்னும் செப்புக்காசின் நிறையால் குறிக்கப்படுகிறது.

அதன்படி பெருவல்லூற்றின் பெட்டையாகிய பாஸுக்கு 7 தாம். அதன் ஆணாகிய ஜுர்ராவுக்கு 6 தாம். பஹ்ரி என்னும் பொரி வல்லூறு முதலியவற்றுக்கு 5 தாம். பாஷா என்னும் சிறுவல்லூற்றுக்கு 3 தாம். ஷிக்ரா முதலிய இன்னும் சிறியவற்றுக்கு 2 தாம். ஷுங்கார் என்னும் வடநாட்டுப் பேரிராசாளி, கழுகு போன்ற பெரிய பறவைகளுக்கு ஒரு சேர். அன்றியும், நாளின் முடிவில் பாஸ், ஜுர்ரா, பஹ்ரி ஆகியவற்றுக்கு ஏழேழு சிட்டுக்குருவிகளும், பாஷாவுக்கு மூன்றும், ஏனைய சிறியவற்றுக்கு இரண்டிரண்டும் கொடுக்கப்பட்டன.

அக்பர் காலத்துத் தாம் ஏறத்தாழ 20.9 கிராம் நிறையுடையது. எனவே பாஸுக்குரிய இறைச்சி 146 கிராம். ஜுர்ராவுக்கு 125 கிராம். பஹ்ரிக்கு 105 கிராம். பாஷாவுக்கு 63 கிராம். ஷிக்ராவுக்கு 42 கிராம் எனக் கணக்கிடலாம். 30 தாம் கொண்ட அக்காலச் சேர் ஏறத்தாழ 627 கிராம். பட்டியலில் இரண்டு செய்திகள் புலப்படுகின்றன. முதலாவது, பெட்டைக்கும் ஆணுக்கும் வெவ்வேறு அளவு குறிக்கப்பட்டமை. இரைதேர் பறவைகளில் பெட்டையே பெரியது என்னும் உயிரியல் உண்மை நிருவாகக் கணக்கில் இடம்பெற்றுள்ளது. இரண்டாவது, உணவு பறவையின் உருவத்திற்கு நேர்விகிதத்தில் குறைக்கப்படாமை. ஷிக்ராவின் எடை பெருவல்லூற்றின் எடையில் ஐந்தில் ஒரு பங்கை எட்டுவதும் அரிது. ஆனால் அதன் இறைச்சிப்பங்கு ஏழில் இரண்டு. சிறிய உடலுக்கு விகிதத்தில் மிகுதியான உணவு வேண்டும் என்னும் பட்டறிவு இவ்வெண்களில் அமைந்திருக்கிறது.

பட்டியலை எவ்வாறு வாசிப்பது?

இப்பட்டியலைப் பயிற்சிக் குறிப்பாகக் கொள்வது பொருந்துமா என்பது ஆராயத்தக்கது. ஒரு கிலோகிராம் அளவுள்ள பெருவல்லூற்றுக்கு நாளொன்றுக்கு 120 முதல் 150 கிராம் வரையிலான நல்ல இறைச்சி போதுமானது. பட்டியலின் 146 கிராம் இறைச்சி மட்டுமே இத்தேவையை நிறைவு செய்துவிடுகிறது. அதன்மேல் ஏழு சிட்டுக்குருவிகளும் சேருமாயின், ஒவ்வொன்றும் 25 கிராம் எனக் கொண்டாலும் 175 கிராம் கூடுகிறது. எலும்பும் இறகும் கழிந்தாலும் எஞ்சுவது சிறிதன்று. நாள்தோறும் இதனை முழுமையாக உண்ட பாஸ் மறுநாள் கைக்குத் திரும்பி வருவது ஐயத்திற்குரியது.

இம்முரண்பாட்டை இருவகையில் விளக்கலாம். ஒன்று, பட்டியல் பறவை உண்ட அளவைக் காட்டுவதன்று. பறவையின் பெயரால் களஞ்சியத்திலிருந்து வழங்கப்பட்ட மேல்வரம்பைக் காட்டுவது. அயினி அக்பரி நிருவாகக் கையேடு. யானை, குதிரை, ஒட்டகம், சிறுத்தை ஆகியவற்றுக்கும் அது இவ்வாறே பங்கு வரையறுக்கிறது. வேட்டைக்குரிய நாளில் எவ்வளவைக் குறைப்பது என்பதை வளர்ப்பவனே முடிவுசெய்திருக்க வேண்டும். மற்றொன்று, அரசவைப் பறவைகள் அனைத்தும் நாள்தோறும் பறக்கவிடப்பட்டவை அல்ல. அக்பர் வேட்டைப்பறவைகளை விரும்புவது வெறும் வேட்டைக்காக அன்று, அவையின் பொலிவுக்காகவும் ஆகும் என்று அபுல் பசலே கருத்துரைக்கிறார். பொலிவுக்குரிய பறவை கொழுத்தும் மினுமினுத்தும் இருத்தல் வேண்டும். வேட்டைக்குரிய பறவை அவ்வாறு இருத்தல் கூடாது. அரசவையில் இருவேளை, வெளியே ஒருவேளை என்னும் வேறுபாடு செல்வ நிலையை மட்டுமன்றி, பறவை எதற்காக வளர்க்கப்பட்டது என்பதையும் காட்டுவதாகக் கருத இடமுண்டு.

சிட்டுக்குருவிகள் மாலையில் கொடுக்கப்பட்டமைக்குத் தொழில்நுட்பக் காரணமும் உண்டு. இரைதேர் பறவைகள் செரிக்காத இறகையும் மயிரையும் உருண்டையாகத் திரட்டி மறுநாள் காலையில் வாய்வழியே உமிழும். தனி இறைச்சியில் இவ்வுருண்டைக்கு வேண்டிய பொருள் இல்லை. மாலையில் இறகுடன் உண்ட பறவை காலையில் உருண்டையை உமிழ்ந்த பின்பே அதன் வயிறு வெறுமையானது என்று உறுதிப்படும்; அதன் பின்னரே பறக்கவிடுவது முறை. உமிழ்ந்த உருண்டையின் இறுக்கம், ஈரம், மணம் ஆகியவை செரிமானத்தைக் காட்டும் அடையாளங்களும் ஆயின. கணக்கர் எழுதிய பட்டியலில் வளர்ப்பவனின் அறிவு ஊடுருவியிருக்கும் இடம் இது.

அக்பர் தம் பிறந்தநாட்களில் பொன் முதலிய பொருள்களுக்கு எதிராகத் தராசில் அமர்ந்த செய்தியையும் அதே நூல் தருகிறது. மன்னனை நிறுக்கும் வழக்கம் இருந்தது. பறவைக்கான இறைச்சியை நிறுக்கும் வழக்கமும் இருந்தது. ஆயினும் மேற்கண்ட பட்டியல் நிறுத்துக் காட்டுவது உணவையே. தராசு இல்லாமையால் பறவை நிறுக்கப்படவில்லை என்று கூற இயலாது. உயிருள்ள பறவையின் நிலையை அறிய வேறொரு நுண்ணிய கருவி கைவசம் இருந்தமையே காரணம் எனலாம்.

விரலறிவும் அதனை உடையோரும்

அக்கருவி விரல். பறவையின் மார்பின் நடுவே கூரிய முகடாக ஓடும் எலும்பின் இருபுறமும் பறத்தல் தசை அமைந்துள்ளது. கட்டைவிரலும் சுட்டுவிரலும் கொண்டு அம்முகட்டைத் தடவினால், தசை எலும்பை மூடி நிற்கிறதா, இருபுறமும் சரிந்து எலும்பு கத்திமுனைபோல் தோன்றுகிறதா என்பது தெரியும். விரல் தொடுவது பறத்தலுக்குரிய தசையையே ஆதலால், இது எடையைவிட நேரிய சான்று. சம எடையுள்ள இரு பறவைகளுள் ஒன்று தசையாலும் மற்றொன்று கொழுப்பாலும் அவ்வெடையைப் பெற்றிருக்கலாம். தராசு இவ்வேறுபாட்டை அறியாது.

விரலோடு வேறு அடையாளங்களும் துணைநின்றன. வெண்மையில் கருமை தெளிவாகப் பிரிந்த எச்சம் நலத்தின் குறி. பச்சை நிறம் வெறும் வயிற்றின் குறி. இறகைச் சிலிர்த்து உதறுதல், ஒற்றைக்காலில் ஓய்ந்து நிற்றல், வளர்ப்பவனைக் கண்டதும் உடலை முன்சாய்த்தல், கையில் பிடிக்கும் நகத்தின் அழுத்தம் ஆகிய ஒவ்வொன்றும் பொருளுடையன. எடையைக் குறைக்கும் முறைகளும் பலவாக இருந்தன. இறைச்சியை நீரில் ஊறவைத்துப் பிழிந்து சத்தைக் குறைத்துக் கொடுத்தல் அவற்றுள் மென்மையானது. வயிறு நிறையும், உடல் கொழுக்காது. கற்கண்டு, நவச்சாரம் முதலியவற்றைக் கொடுத்துக் குடலைக் கழுவுதல் வன்மையானது; அளவு தவறினால் பறவையைக் கொல்லும்.

இவ்வறிவை உடையவர் யாவர் என்னும் வினா இங்கு எழுகிறது. நூல்களின் ஆசிரியராகப் பெயர் பெற்றவர்கள் மன்னரும் அமைச்சரும் தளபதியரும். அரசவைப் பறவைகளைப் பேணிய காலாட்கள் பெரும்பாலும் காசுமீரியரும் இந்துஸ்தானியரும் என்று அயினி அக்பரி கூறுகிறது. அவர்தம் ஊதிய விகிதங்கள் பதிவாயின. அவர்கள் பெயர்கள் பதிவாகவில்லை. பறவைகளைக் கண்ணியிட்டுப் பிடித்துப் பழக்கி விற்றுவந்த மீர்ஷிகார் முதலிய குடியினர் இவ்வறிவைத் தந்தையிடமிருந்து மகன் பெறும் கைத்தொழிலாகவே காத்தனர். மார்பெலும்பில் வைத்த விரல் எவ்வளவு அழுத்தம் உணர்ந்தால் பறவை தகுதியானது என்பதைச் சொல்லில் அடக்குவது கடினம். நூல்கள் உணவின் அளவோடும் மருந்தின் அளவோடும் நின்றமைக்கு ஆசிரியரின் சமூக நிலை மட்டுமன்றி, பொருளின் இயல்பும் காரணமாகும்.

தென்னாட்டு இராசாளியும் மற்றொரு வகை எடையும்

சென்னைப் படையில் அறுவை மருத்துவராகப் பணியாற்றிய ஜெர்டன் 1862இல் வெளியிடத் தொடங்கிய இந்தியப் பறவைகள் பற்றிய நூலில், வல்லூறு வேட்டை குறித்த நேரடிச் செய்திகள் பல உள்ளன. ஷாஹீன் என்னும் இராசாளியைப் பற்றிய அவரது குறிப்பு எடை ஆய்வுக்குப் பெரிதும் பயன்படுவது. இப்பறவை இரையைக் கண்டபின் கையிலிருந்து ஏவப்படுவதில்லை. முன்னரே வானில் ஏறி, வேட்டைக் குழுவினருக்கு மேலே வட்டமிட்டுக் காத்திருந்து, இரை கிளப்பப்பட்டதும் செங்குத்தாகப் பாய்வதற்குப் பழக்கப்பட்டது என்கிறார் ஜெர்டன்.

கையிலிருந்து பாயும் பெருவல்லூற்றுக்கு வேண்டுவது குறுகிய நேரத்து வேகமும் கூரிய வேட்கையும் ஆகும். உயரத்தில் காத்திருக்கும் இராசாளிக்கு நெடுநேரம் பறக்கும் வலிமையும் பொறுமையும் வேண்டும். பசி மிகுந்த இராசாளி உயர ஏறாது; வளர்ப்பவனின் தலைக்கு மேலேயே தாழச் சுற்றி இரைக்கு ஏங்கும். பசி குறைந்தது காற்றில் மிதந்து தொலைவு போய்விடும். ஆகவே பறப்பு எடை என்பது பறவையினத்திற்கு ஒன்று என வரையறுக்கத்தக்கதன்று. வேட்டையின் முறை எதுவோ அதற்கேற்ற எடை அமைகிறது. தாழப் பறப்பதற்கும் உயர நிற்பதற்கும் வெவ்வேறு உடல்நிலைகளை நாடிய தொழில்மரபுகள் இந்நாட்டில் அருகருகே வழங்கின என்பது இதனால் பெறப்படும்.

காலனியக் காலப் பதிவுகளும் தராசின் வருகையும்

19ஆம் நூற்றாண்டில் ஆங்கில அலுவலர் சிலர் இக்கலையைக் கற்று எழுதினர். ரிச்சர்டு பர்ட்டன் சிந்துப் பகுதியின் வல்லூறு வேட்டை பற்றி 1852இல் நூல் வெளியிட்டார். டெல்மே ராட்கிளிப் இந்தியாவில் பயன்பட்ட வேட்டைப்பறவைகளைப் பற்றிய குறிப்புகளை 1871இல் வெளியிட்டார். இவர்களுள் மொழிப்புலமையும் தொழிற்பயிற்சியும் ஒருங்கே வாய்ந்தவர் டக்ளஸ் கிரேவன் பில்லட். பாரசீக இளவரசர் தைமூர் மிர்சாவின் பாஸ்நாமாவை அவர் 1908இல் ஆங்கிலத்தில் பெயர்த்தார். அயினி அக்பரியின் முதற்பகுதிக்குப் பிளாக்மன் செய்த மொழிபெயர்ப்பைத் திருத்திய பதிப்பும் அவருடையதே. அரசவைக் கணக்கையும் பயிற்சி நூலையும் ஒருவரே கையாண்டமையால், சொற்பொருள் விளக்கத்தில் தொழிலறிவு புகுந்தது.

வேட்டைப்பறவையை நாள்தோறும் நிறுத்து எழுதிவைக்கும் வழக்கம் உலகின் பிற பகுதிகளில் 20ஆம் நூற்றாண்டில்தான் பொது நடைமுறையாயிற்று. தொழில்மரபு அறுபட்ட இடங்களில் நூலை மட்டுமே துணையாகக் கொண்டு பயின்றவர்கள் அடைந்த இடர்ப்பாடு இதற்குத் தக்க பின்னணியாகும். ஆங்கில எழுத்தாளர் டி. எச். ஒயிட் 1936இல் ஒரு பெருவல்லூற்றை 1619ஆம் ஆண்டுப் பழநூலின் துணையோடு பழக்க முயன்று, இறுதியில் அதனை இழந்தார். மிகையாக ஊட்டுவதும் பின் பட்டினி போடுவதுமாக மாறி மாறி அவர் தடுமாறியதை 1951இல் வெளிவந்த அவரது நூலே காட்டுகிறது. அடையாளங்களைப் பற்றிய சொற்கள் அவரிடம் இருந்தன. அவற்றைத் தொட்டுக் காட்டும் ஆசான் இல்லை. ஆசான் இல்லாத இடத்தில் தராசு ஓரளவு ஆசானின் பணியைச் செய்யும். உருண்டையை உமிழ்ந்தபின், தீனிப்பை வெறுமையான நிலையில், ஒவ்வொரு நாளும் ஒரே வேளையில் நிறுத்து, உணவின் அளவையும் தட்பவெப்பத்தையும் பறவையின் நடத்தையையும் அருகே குறித்துவந்தால், சில வாரங்களில் அப்பறவைக்குரிய எடை வெளிப்படும்.

இந்தியாவில் தராசு பரவலாவதற்கு முன்பே இக்கலையின் ஆதரவுத்தளம் குலைந்தது. சமஸ்தானங்கள் இந்திய ஒன்றியத்தில் இணைந்தபின் அரசவை வல்லூற்றுச் சாலைகள் மறைந்தன. இறுதிவரை இக்கலைக்குப் பெயர்பெற்று விளங்கிய சமஸ்தானங்களுள் பவநகர் ஒன்று. அதன் கடைசி ஆட்சியாளர் கிருஷ்ணகுமாரசிங் 1948 முதல் 1952 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்தவர். அவருடைய இளவல் தர்மகுமாரசிங் வேட்டைப்பறவைகளை நேரில் பழக்கியவர். 1955இல் சௌராட்டிரப் பறவைகள் பற்றிய நூலை வெளியிட்ட பறவையியலாளர். தொழிலறிவு பறவையியலாகவும் பாதுகாப்புணர்வாகவும் உருமாறிய ஒரு தலைமுறையின் சான்றாக இவரைக் கொள்ளலாம்.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், வேட்டையைப் பெரிதும் தடைசெய்த 1991ஆம் ஆண்டுத் திருத்தமும் காட்டுப்பறவைகளைப் பிடிப்பதற்கும் விற்பதற்கும் முற்றுப்புள்ளி வைத்தன. பறவையினங்கள் அருகிவந்த சூழலில் இச்சட்டத்தின் தேவையை மறுக்க இயலாது. அதே வேளையில், பறவைபிடித்தலைக் குடித்தொழிலாகக் கொண்டோர் பிழைப்பையும் அவர்களிடம் எஞ்சியிருந்த கையறிவின் தொடர்ச்சியையும் அது அறுத்தது. யுனெஸ்கோ 2010இல் வல்லூறு வேட்டையை மானுடத்தின் அருவப் பண்பாட்டு மரபாக அறிவித்தது. 2016இல் பாகிஸ்தான் அப்பட்டியலில் சேர்ந்தது. 2021இல் விரிவுபடுத்தப்பட்ட பட்டியலில் இந்தியா இடம்பெறவில்லை.

வேட்டை நின்றபோதிலும் அறிவின் தேவை நிற்கவில்லை. பட்டக்கயிற்றால் காயமுற்றும் பிற காரணங்களால் தளர்ந்தும் மீட்கப்படும் இரைதேர் பறவைகளைப் பேணி மீண்டும் காட்டில் விடுவோர், அதே மார்பெலும்பைத் தடவியும் அதே உருண்டையைப் பார்த்தும் அதே எடையைக் குறித்துமே பறவையின் தகுதியை முடிவுசெய்கின்றனர். காட்டில் விடப்படும் பறவை தானே இரைதேடும்வரை தாங்கும் கொழுப்பும் துரத்திப் பிடிக்கும் தசையும் உடையதா என்பதே அவர்கள் வினா. பறவையைத் திரும்பி வரச்செய்யப் பயன்பட்ட அறிவு, திரும்பி வராதபடி அனுப்பிவைக்கவும் பயன்படுகிறது.

முடிவுரை

மேற்கண்டவற்றால், வேட்டை வல்லூற்றின் உடல்நிலையை நிறுத்துவதில் இந்திய மரபு மூன்று அளவைகளைக் கண்டுள்ளது எனலாம். சியைனிக சாத்திரம் முதலிய நூல்களில் பருவமும் உடற்குறியும் அளவையாயின. அயினி அக்பரியில் உணவின் நிறை அளவையாயிற்று. 20ஆம் நூற்றாண்டில் பறவையின் நிறையே அளவையாயிற்று. இவற்றுள் பின்னது முன்னதை முழுதும் நீக்கிவிடவில்லை. தராசில் நிறுப்போரும் மார்பெலும்பைத் தடவிப் பார்க்காமல் இருப்பதில்லை.

அயினி அக்பரியின் உணவுப் பட்டியலைப் பயிற்சி முறையாகக் கொள்வதைவிட, களஞ்சிய வழங்கலின் மேல்வரம்பாகக் கொள்வதே பொருத்தமானது. அவ்வாறு கொள்ளும்போது, பட்டியலில் குறிக்கப்பட்ட அளவுக்கும் பறவை உண்மையில் உண்ட அளவுக்கும் இடையே ஓர் இடைவெளி தோன்றுகிறது. அவ்விடைவெளியை நாள்தோறும் நிரப்பியது பெயர் பதிவாகாத காசுமீரி, இந்துஸ்தானிக் காலாட்களின் தீர்ப்பு. அரசவையின் புகழ்பெற்ற வேட்டைகள் அனைத்தும் அத்தீர்ப்பின்மேல் நின்றவையே. ஊதியம், பங்கு, விலை ஆகியவற்றை மட்டும் கொண்டு இக்கலையின் வரலாற்றை எழுதினால், கலையை நடத்தியவர்கள் வரலாற்றுக்கு வெளியே நின்றுவிடுவர். எண்களை அவற்றின் தொழிற்பொருளோடு சேர்த்து வாசிக்கும்போது, அப்பட்டியலிலேயே அவர்களின் அறிவை அடையாளம் காணமுடிகிறது.